பச்சைக்குள் மாணிக்கம்: சோய்சைட்டா, ஃபுக்சைட்டா?

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் நகைக்குக் கல் தேடினால், பச்சையில் சிவப்புத் திட்டு விழுந்த கல் கண்ணில் படும். "ரூபி சோய்சைட்" என்று சொல்லித்தான் தருவார்கள். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு கற்கள் கைக்கு வருகின்றன. இரண்டும் உருமாற்றப் பாறைதான், இரண்டிலும் சிவப்பு அசல் மாணிக்கம்தான். பச்சைதான் வேறு: ஒன்றில் சோய்சைட் என்ற கனிமம், மற்றதில் ஃபுக்சைட்.

முதலில் மாணிக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். சிவப்பைச் சுற்றி நீல வளையம் இருந்தால் அது கயனைட் என்ற கனிமம். அந்தக் கல் ஃபுக்சைட். வளையம் இல்லாத ஃபுக்சைட்டும் உண்டு, அப்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். குரோமியம் கலந்த அப்பிரகம் என்பதால், மீன் செதில்போல் பொடிப்பொடியாக மினுங்கும். சோய்சைட்டில் இந்த மினுக்கம் வராது. அதில் ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தின் கறுப்புத் திட்டுகள் மை தெளித்ததுபோல் கிடக்கும்.

இன்னும் சந்தேகமா? கல்லின் பின்பக்கத்தில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். 10 வரை போகும் மோஸ் கடின அளவில் ஃபுக்சைட் 2 முதல் 3 வரைதான், உடனே கோடு விழும். சோய்சைட் 6 முதல் 7, லேசான கீறலில் கோடு விழாது. புற ஊதா டார்ச்சை நம்பாதீர்கள். மாணிக்கம் இரண்டிலுமே சிவந்து ஒளிரலாம்.

ஃபுக்சைட் வகை நம் கர்நாடகத்தில் கிடைக்கிறது. சோய்சைட் வகை 1954-இல் டான்சானியாவின் லோங்கிடோவில் கண்டெடுக்கப்பட்டது. மசாய் மக்களின் பச்சைக்கான சொல்லிலிருந்து 'அன்யோலைட்' என்றும் பெயர்.

ஜெலுத்தோங்கில் எங்கள் மாடி அக்காவுக்கு ஒரு தடவை ஃபுக்சைட்டில் வெள்ளி மோதிரம் செய்து கொடுத்தேன். நீல வளையம் அவ்வளவு அழகு, மனசு கேட்கவில்லை. நாலே மாதம். பச்சை தேய்ந்து இறங்கிவிட்டது, 9 கடினமுள்ள மாணிக்கம் மட்டும் பரு மாதிரி மேலே நின்றது. விரல் வைத்தால் தட்டுப்பட்டது. "என்னம்மா, கல்லு முளைக்குதா?" என்று அக்கா கேட்டார்.

அதனால் மோதிரம், வளையல் என்றால் நான் சோய்சைட் பக்கம்தான். அதுவும் பலமாக அடிபட்டால் பிளக்கும், ஓரத்தை மூடிப் பதியுங்கள். ஃபுக்சைட்டைப் பதக்கத்துக்கும் தோட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் ஊறவிடாமல், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அக்காவின் கல்லை மறுபடி மெருகேற்றிப் பதக்கமாக்கிவிட்டேன், இன்னும் போட்டுக்கொள்கிறார்.