மலையகத்தவரின் உண்மையை மாற்றி எழுதும் முகவர்களிடம் அகப்படாதீர்கள்

கனடாவில் அகதி அந்தஸ்துக்கு “கேஸ் எழுதித் தருகிறோம்” என்று கூறி ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் பணம் வாங்கும் முகவர் ஒருவரால் என் தம்பிக்கு நேர்ந்ததை, பிற குடும்பங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தம்பியிடம் சொல்வதற்கு உண்மை இருந்தது. 2008இல் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தபோது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, குற்றப்பத்திரம் எதுவுமின்றி நெடுங்காலம் தடுத்து வைக்கப்பட்டான். விடுதலையான பின்னரும் அவனைத் தேடித் தோட்டத்துக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. நீதிமன்றத்தின் விடுவிப்புக் கட்டளையும், தடுப்பில் அவனைச் சந்தித்த செஞ்சிலுவைச் சங்கத்தினர் வழங்கிய அட்டையும் வீட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பார்த்த முகவர், தோட்டத்துப் பிள்ளை என்றால் கேஸ் எடுபடாது, வன்னியில் பிறந்தவன் என்றுதான் எழுத வேண்டும் என்று சொல்லி, அந்தப் பத்திரங்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுமாறு கூறினார். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்த அம்மாவுக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணமும், அடகு வைத்த நகைகளும் அவரிடம் போயின.

டொரொண்டோவில் முகவரின் ஆள் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலம், தமிழில் வாசித்துக் காட்டப்படாமலேயே தம்பியிடம் கையொப்பத்துக்கு நீட்டப்பட்டது. அதில் அவன் கிளிநொச்சியில் பிறந்து, 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்தவனாக ஆக்கப்பட்டிருந்தான். ஆனால் விசா விண்ணப்பத்துடன் அவன் கொடுத்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரமோ நுவரெலியா மாவட்டத்தில் பதியப்பட்டது. கைரேகையும் அப்போதே எடுக்கப்பட்டிருந்தது. வாக்குமூலத்தையும் விசா விண்ணப்பத்தையும் ஒப்பிட்ட விசாரணையாளர், கோரிக்கையாளரின் சொல் நம்பத்தக்கதல்ல என்று மறுத்துவிட்டார். உண்மையிலேயே முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்களின் துயரத்தைக் களவெடுத்து விற்பதும், மலையக மக்கள் பட்டதற்குப் பெறுமதியே இல்லை என்று அவர்களிடமே சொல்வதும் எனக்குப் பண மோசடியிலும் பெரிய கொடுமையாகத் தெரிகின்றன.

மறுப்புக்குப் பின் மேன்முறையீடு செய்யலாம் என்றாலும், முன்பே கையில் இருந்திருக்கக்கூடிய ஆவணங்களை அங்கே புதிய சான்றாகப் பொதுவாக ஏற்பதில்லை. வீட்டில் கிடந்த அந்தக் கட்டளையும் அட்டையும் இப்போது அந்தச் சிக்கலில்தான் மாட்டியிருக்கின்றன. குடிவரவு அகதிகள் சபை ஒருமுறை நிராகரித்தவர் கனடாவில் மறுபடியும் அகதிக் கோரிக்கை வைக்கவும் முடியாது.

கனடாவில் அகதிக் கோரிக்கையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது. வருமானம் குறைந்தவர்கள் ஒன்டாரியோவில் சட்ட உதவித் திட்டத்தின் மூலம் சட்டத்தரணியைப் பெற விண்ணப்பிக்கலாம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் வரும் துன்புறுத்தலைப் பற்றியே பேசுகிறது. எந்த மாவட்டத்தில் பிறந்தவர் என்று அது பிரிப்பதில்லை. தோட்டத்தில் வேலையில்லை, சம்பளம் போதாது என்பவை மட்டும் அதில் அடங்கா என்பதையும் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த முகவர் ஹட்டனில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு வேறொரு நகரில் இதே தொழிலைச் செய்வதாகக் கேள்விப்படுகிறோம். இப்படி எழுதிக் கொடுக்கப்பட்ட வாக்குமூலத்துடன் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், அனுமதி பெற்ற சட்டத்தரணி ஒருவரிடம் அதை உடனே தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். திருத்தங்கள் விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.