பொறியியல் சேரும் பெண்ணுக்கு எந்த உதவித்தொகை? 7.5 சதவீதம், முதல் பட்டதாரி, போஸ்ட் மெட்ரிக், பிரகதி: ஓர் ஒப்பீடு

கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ படிக்க ஆசைப்படும் பெண். வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்டவளுக்கு நான்கைந்து உதவித் திட்டங்கள் இருக்கின்றன. பலரும் முதலில் கேட்பது எதில் பணம் அதிகம் என்றுதான். நான் முதலில் பார்ப்பது வேறு: பணம் எப்போது வருகிறது, யார் கையில் வருகிறது? கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஜூலை மாதத்தில் கட்டாமல் விடும் ஐந்தாயிரம், அடுத்த வருஷம் கணக்கில் ஏறும் பத்தாயிரத்தைவிடப் பெரிது. அந்த ஜூலையில்தான் வட்டிக்கு வாங்குகிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள்.

கட்டணக் கணக்கு முதலில். 2017-இல் நிர்ணயித்தபடி, தனியார் சுயநிதிக் கல்லூரியில் கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு முறையே 85,000, 87,000. விடுதி, பஸ் செலவெல்லாம் இதற்கு மேல்.

இருப்பதிலேயே வலுவானது தொழிற்படிப்பு இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் சட்டம் போட்டு வந்தது. அதன்கீழ் சேருவோரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டே முதல்வர் அறிவித்தார். விடுதியும் இதில் அடக்கம் என்பதுதான் மற்ற எதிலும் இல்லாத பலம். பெண்ணை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில் பாதித் தயக்கம் விடுதிச் செலவைப் பற்றியது. அது நீங்கினால், பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு கல்லூரியில் சேர்க்க வேண்டியதில்லை. நல்ல கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

இதன் வாசல் குறுகியது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவளுக்கு இது கிடையாது. தென் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில் ஏழைப் பிள்ளைகள் போவது அந்தப் பள்ளிகளுக்குத்தான். ஏழாம் வகுப்புவரை மெட்ரிக் பள்ளியில் பணம் கட்டிப் படித்து, அப்பாவுக்கு வேலை போனதும் அரசுப் பள்ளிக்கு மாறியவளுக்கும் கிடையாது. இவர்களை வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படி வெளியே நிற்பவளுக்குக் கைகொடுப்பது முதல் பட்டதாரிச் சலுகை. 2010 முதல் நடப்பில் உள்ளது. சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது ஆண்டுக்கு 25,000 ரூபாய் அளவில், சேரும்போதே கழிந்துவிடும். விண்ணப்பித்துக் காத்திருக்கும் தொகை இல்லை, கட்டாமலே விடும் தொகை. அதனால்தான் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகையின் 50,000-ஐவிட இதை நான் மேலே வைக்கிறேன்.

சிக்கல் சான்றிதழில் வரும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்று தாசில்தார் அலுவலகம் சான்று தர வேண்டும். அக்கா பி.ஏ. முடித்திருந்தால் தங்கைக்கு இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் என்பதால், அண்ணன் பொறியியலுக்கு அதைப் பயன்படுத்தியிருந்தாலும் தங்கைக்கு இல்லை. ஆண்பிள்ளை முதலில் படிக்கும் வீடுகளில் இது பெண்ணைத்தான் பாதிக்கிறது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணம் முழுவதும், கூடவே பராமரிப்புத் தொகையும் சேரும் என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையைவிடப் பெரியது. பட்டியல் சாதியினருக்கான விதிமுறை 2021-இல் மாறியதிலிருந்து செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. மத்தியப் பங்கு நேராக மாணவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதை அவள்தான் கல்லூரியில் கட்ட வேண்டும். பணம் அவள் பேரில் வருவது நல்லதுதான். ஆனால் அது தாமதமாகும்போது கல்லூரி அவளைத்தான் பிடிக்கிறது. ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் கல்லூரிகள் உண்டு. முன்பணம் இல்லாமல் சேர்ப்பதற்காகவே ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு விதிமுறையில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வருமானம் 2.5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியதால் இது கைவிட்டுப் போனால், முதல் பட்டதாரிச் சலுகைக்குத் திரும்புங்கள். பட்டியல் சாதிக் குடும்பங்கள் பல இதைக் கவனிப்பதில்லை.

இப்போது பிரகதி. ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு) பெண்களுக்கென்றே தருவது, ஆண்டுக்கு 50,000, ஒரு வீட்டில் இரண்டு பெண்கள்வரை பெறலாம். அக்கா பட்டதாரி ஆனதால் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்காத தங்கைக்கு இங்கே தடை இல்லை என்பது பெரிய ஆறுதல். புத்தகம், கணினி என்று எதற்கும் செலவழிக்கலாம். ஆனால் வருமான வரம்பு 8 லட்சம், பட்டப்படிப்புக்குத் தேர்வு பிளஸ் டூ மதிப்பெண் வரிசைப்படி. அதாவது மாதச் சம்பளக்காரர் வீட்டில், டியூஷன் வைத்துப் படித்த பெண்ணோடு போட்டி. நாடு முழுவதற்கும் பட்டப்படிப்புக்கு 5,000 இடங்கள், டிப்ளமோவுக்கு 5,000. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு இதை நம்ப முடியாது. பாலிடெக்னிக் சேரும் பெண்கள்தான் இதைத் தவறாமல் போட வேண்டும். அங்கே பெண்கள் குறைவு, இடங்களோ பட்டப்படிப்புக்குச் சமம்.

அரசின் வேறு உதவித்தொகை வாங்குபவர் பிரகதி பெற முடியாது. ஆகவே போஸ்ட் மெட்ரிக்கா பிரகதியா என்றால், தகுதி உள்ளவளுக்கு போஸ்ட் மெட்ரிக்தான் என்பேன். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தன் பக்கத்தில் இப்படித் தடை போடுவதில்லை. வேறு உதவி வாங்குபவளும் பெறலாம். 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கென்று தொடங்கி, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. தொகை சிறியதுதான். ஆனால் பஸ் சார்ஜும் நெட் ரீசார்ஜும் வீட்டில் கேட்காமல் நடந்துவிடும்.

40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்கள் பிரகதியை விட்டுவிட்டு ஏ.ஐ.சி.டி.இ.யின் சக்‌ஷமைப் பார்க்கலாம். அதே 50,000, அதே 8 லட்ச வரம்பு.

தனியார் உதவிகளில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் படிப்புக் காலம் முழுவதற்கும் 2 லட்சம்வரை தருகிறது. திறனறித் தேர்வு உண்டு. அமேசான் ஃபியூச்சர் எஞ்ஜினியர் கம்ப்யூட்டர் பிரிவில் முதலாண்டு சேர்ந்த பெண்களுக்கானது. பணத்தோடு மடிக்கணினியும் வழிகாட்டுதலும் வரும். துறையில் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பெண்ணுக்கு அந்த வழிகாட்டுதல் பணத்துக்கு நிகரானது. போட்டுப் பாருங்கள், ஆனால் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. 7.5 சதவீதம், முதல் பட்டதாரி, போஸ்ட் மெட்ரிக் மூன்றும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இல்லை. 'இப்போதே சீட் பிளாக் பண்ணிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்று பிளஸ் டூ பரீட்சை முடிந்ததுமே வீடு தேடி வருபவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கவுன்சிலிங் விண்ணப்பம் திறப்பதற்குள் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் போட்டு வாங்கி, பெண்ணின் பேரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஒன்றும் தொடங்கிவிடுங்கள்.