பால்கோவா அடுப்பும் கடலை மிட்டாய்ப் பட்டறையும்: மதுரையிலிருந்து ஒரு நாள்

பால்கோவாவையும் கடலை மிட்டாயையும் அவை செய்யப்படும் இடத்திலேயே பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மதுரையிலிருந்து காரில் கிளம்பி, திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூரை அடைந்தோம். அங்கிருந்து சிவகாசி, சாத்தூர் தாண்டிக் கோவில்பட்டிக்குச் சென்று, இரவுக்குள் வீடு திரும்பினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலையிலேயே போய்விடுவது நல்லது. நாங்கள் பார்த்த பட்டறையில் அன்றைய பால் வந்ததும் அடுப்பு மூட்டினார்கள். மதியம் போயிருந்தால் கழுவிக் கவிழ்த்த வாணலியைத்தான் பார்த்திருப்போம். அகன்ற இரும்பு வாணலியில் பால் சுண்டச் சுண்ட, நீண்ட கரண்டியால் விடாமல் கிண்டிக்கொண்டிருந்த பெரியவர், "கை ஓய்ஞ்சா அடிப்பிடிச்சிரும்மா, அப்புறம் அவ்வளவும் வீண்" என்று அம்மாவிடம் சொன்னார். பாலையும் சர்க்கரையையும் தவிர வேறெதையும் அவர் சேர்க்கவில்லை. இளஞ்சூட்டோடு இலைத் துண்டில் வைத்துக் கொடுத்த கோவா நாவில் மெல்லத் திரிதிரியாகக் கரைந்தது. அதிலிருந்த மெல்லிய விறகுப் புகை வாசம் பெட்டியில் வாங்கும் கோவாவில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

கோவில்பட்டியில் வேலையின் வேகமே வேறு. கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டுப் பார்த்த பெண், அது 'டங்' என்று ஒலித்த மறுகணமே, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலைப் பருப்பைக் கொட்டிக் கிளறினார். பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டுவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி இறங்காது. மேசையைச் சுற்றி நின்ற நால்வரும் பேச்சே இல்லாமல் கையை ஓட்டியதை அம்மா கண் இமைக்காமல் பார்த்தார்.

குறைகளும் உண்டு. நாங்கள் நுழைந்த ஒரு கடையில் பால்கோவாப் பெட்டி மீது தயாரிப்புத் தேதியே இல்லை. கேட்டதற்கு "நேத்துப் போட்டதுதான்" என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டார்கள். சில நாள்களிலேயே கெட்டுவிடும் பண்டத்துக்கு இது போதாது. பால்கோவா 2019இலும் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, ஊர்ப்பெயரை நம்பி வாங்குகிறவர்களுக்குத் தேதியாவது தெளிவாகத் தெரிய வேண்டும். இவை பார்வையாளருக்கென்று அமைந்த இடங்கள் அல்ல என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொண்டு, அடுப்பிலிருந்து விலகி நிற்பதே முறை. சிறு குழந்தைகளை உள்ளே அழைத்துச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுப்படியிலேயே வாங்கி வந்த பால்கோவா மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டது. கடலை மிட்டாய், ஈரம் படாத எவர்சில்வர் டப்பாவில் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறது.