கொலுசுப் பட்டறைக் கணக்கு: சொந்தக் கணினியா, சந்தாவா, திறமூலமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு எப்போதும் இரண்டு பாக்கி உண்டு. ஒன்று பணம், இன்னொன்று வெள்ளி. கட்டி வெள்ளியை எடை போட்டுக் கூலி வேலைக்குக் கொடுக்கிறார், சில நாள் கழித்து அது கொலுசாகத் திரும்பி வருகிறது. டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, யாரிடம் எத்தனை கிராம் நிற்கிறது என்பதில்தான் அவருடைய லாபமே இருக்கிறது. எந்தக் கணக்கு மென்பொருள் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் கிராம் கணக்கை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் டேலி. உரிமத்தை ஒருமுறை வாங்கிக் கடைக் கணினியில் போட்டுவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஆடிட்டருக்குப் பழக்கமானது, தெரிந்த ஆளும் சுலபமாகக் கிடைப்பார். கூலி வேலைப் பதிவும் அதில் உண்டு. நமக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமானால் அதற்கென்று தனியாக உள்ள டிடிஎல் மொழி தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும். பெரிய பயம் வேறு. ஒரு மழைக்காலத்தில் நான் கணக்கு பார்த்துவந்த கடையில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைசி பேக்கப் 4 மாதம் பழையது. பில் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற 9 நாள் ஆனது. அதிலும் கூலிக்குக் கொடுத்த வெள்ளிக்கு எழுத்தே இல்லாத இடங்கள் இருந்தன. அந்த நாட்களை நான் மறக்கவில்லை.

அந்தப் பயத்தைப் போக்குவது சந்தா முறை. ஜோஹோ புக்ஸ் போன்றவற்றில் கணக்கு நம் கணினியில் இல்லை, அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. கணினி எரிந்தாலும் பதிவு போகாது, வெளியூரில் இருந்தபடி போனிலேயே பில் போடலாம், ஜிஎஸ்டி மாற்றங்களையும் அவர்களே சேர்த்துவிடுவார்கள். லீ பஜாரில் வாங்கி விற்கும் கடைக்கு இதுவே போதும், தயங்காமல் சொல்வேன். பட்டறைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கிராம் கணக்கை அவர்கள் தந்த கட்டத்துக்குள் அடக்க வேண்டும், கூடுதல் வசதிக்கு மேல்நிலைத் திட்டம், அதற்கு மேல்விலை. விலகும்போது விவரங்களை எக்செல்லாக இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அவற்றை ஓட்டிய மென்பொருள் நம்மோடு வராது.

மூன்றாவது, திறமூலம், அதாவது நிரலையே எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிடும் மென்பொருள். மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிகக் கணக்கு மென்பொருள் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருகிறது. நிரல் முழுவதையும் படிக்கலாம், திருத்தலாம், எத்தனை பேர் பயன்படுத்தினாலும் உரிமக் கட்டணம் கிடையாது. மூலப்பொருளை வெளியாளுக்குக் கொடுத்துச் செய்த பொருளாகத் திரும்பப் பெறும் முறை அதிலேயே இருக்கிறது. டச், சேதாரம் ஆகியவற்றுக்குக் கட்டங்களை நாமே சேர்க்கலாம். அதை எழுதியிருப்பது பைத்தான் என்ற நிரல்மொழியில். நம் பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் இருக்கிறது, ஆகவே கற்றுக்கொண்டு செய்யக்கூடிய பிள்ளைகள் சேலத்திலேயே கிடைப்பார்கள்.

முன்பெல்லாம் இப்படி ஒன்றை ஓட்டச் சொந்தமாக சர்வர் வாங்க வேண்டும். 2006-இல் அமேசான் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016-இல் மும்பையிலேயே அதன் மையம் வந்தது. இப்போது சின்னப் பட்டறையும் மாத வாடகைக்கு சர்வர் எடுத்து அதில் திறமூல மென்பொருளை ஏற்றலாம். கிளவுடையும் (இணையம் வழியே வாடகைக்கு வரும் சர்வர்) திறமூலத்தையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபிராப்பேயே இதே மென்பொருளைத் தன் கிளவுடில் வாடகைக்கும் தருகிறது. அங்கே பிடிக்காவிட்டால் தரவோடு மென்பொருளையும் எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போய்விடலாம்.

திறமூல மென்பொருளின் உரிமையாளர் மனம் மாறி உரிமத்தை இறுக்கினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இஆர்பிநெக்ஸ்ட் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள உள்ளே பயன்படுத்தும் ரெடிஸ் என்ற மென்பொருளுக்கே அது நடந்தது. 2024 மார்ச்சில் அதன் உரிமம் இறுக்கப்பட்டது. அதே மாதத்தில் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளை மென்பொருள், திறமூலத் திட்டங்களை நடத்தும் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே திறந்து கொடுத்ததை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

ஆனால் இலவசம் என்று நினைத்து இறங்காதீர்கள். அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் நம் தலையில். மாதச் சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காவிட்டால் சந்தாவே மேல்.

பிரைவேட் லிமிடெட்டாக மாறப்போகிறவர்களுக்கு இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக் கூடாது. எதை வாங்கினாலும் இதை முதலில் கேளுங்கள்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் வேறு. கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே பெருமழையில் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போனால் கிளவுடில் இருக்கும் கூலிக் கணக்கைத் திறக்க முடியாது. அங்கே தோட்ட அலுவலகத்துக் கணினியிலேயே மென்பொருள் ஓடட்டும். நெட் வரும்போது ஒரு நகல் சேலத்துக்கோ மும்பைக்கோ போய்ச் சேரட்டும்.

பட்டறைக்கு நான் கைகாட்டுவது வாடகை சர்வரில் இஆர்பிநெக்ஸ்ட், தினமும் ஒரு நகல் கடைக்கு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரக் கணக்கை ஏற்றி, அதன் பேக்கப்பை இன்னொரு கணினியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். யாரிடம் எத்தனை கிராம் என்பது அங்கேயும் சரியாக வந்தால் முன்பணம் கொடுக்கலாம்.