வேலூர் ஊர்ப்பெயர்களில் தேறிய ஃபங்ஷன்களும் தேறாதவையும்

வெப் புரோகிராமிங் படிக்கும்போதே எழுதிச் சேர்த்த சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இது. ஒரே ஃபைல், 22 ஃபங்ஷன். வேலூர்க் கடைகளுக்கான பில், ஆர்டர், முகவரிப் படிவங்களில் மூன்று வருடம் ஓடியபின் ஒன்பதுதான் மிஞ்சியிருக்கின்றன.

அவற்றில் முதலிடம் எழுத்து எண்ணும் ஃபங்ஷனுக்கு. 'ராணிப்பேட்டை' கண்ணுக்கு ஆறு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் லெங்த் (நீளம்) கேட்டால் 12 என்கிறது. கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்லைஸ் (வெட்டியெடுக்கும் ஃபங்ஷன்) போட்டு முதல் ஐந்தை எடுத்தால் புள்ளி உதிர்ந்து 'ராணிப' என்று நிற்கும். முகவரி லேபிளில் ஊர்ப்பெயர் சிதைவது இப்படித்தான். சொல்லைத் துண்டாகப் பிரிக்க பிரவுசரிலேயே உள்ள செக்மென்டரை கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) முறையில் அழைத்தால் ஆறு என்று சரியாகத் தரும். ஃபயர்ஃபாக்ஸில் அது 125-ஆம் பதிப்பில்தான் வந்தது. பழைய சிஸ்டங்களுக்கு, ஒரு எழுத்தையும் அதை ஒட்டிய குறிகளையும் சேர்த்துப் பிடிக்கும் யூனிகோடு ரெஜெக்ஸ் (எழுத்துத் தேடும் வாய்பாடு) போதும். இரண்டு வழியிலும் 'க்ஷ' இரண்டாகவே எண்ணப்படும். அது வேண்டாமென்றால் தனியாகக் கவனிக்க வேண்டும்.

தேடலில் மாட்டிய பெயர் 'கொணவட்டம்'. 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; ஒப்பிட்டால் ஃபால்ஸ் (ஒன்றல்ல) என்று வரும். நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்தால் சரியாகிவிடும். சேமிக்கும்போது மட்டும் கொடுத்துவிட்டு, தேடும் சொல்லுக்குக் கொடுக்காமல் விட்டால் பலனில்லை.

தட்டுவது நின்றபின் சற்றுப் பொறுத்துத் தேடும் டிபவுன்ஸ் 300 மில்லிசெகண்டில் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் தட்டும்போது, சொல் முடியும் முன்பே அரைகுறை எழுத்து சர்வருக்குப் போய்விடும். இன்புட் ஈவென்ட்டில் 'இஸ் கம்போஸிங்' (எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்ற குறி) உண்மையாக இருக்கும்வரை தேடாமல், கம்போஸிஷன் முடிந்த ஈவென்ட்டில் தேட வேண்டும்.

பின்கோடு சரிபார்ப்பு முதலில் 632-இல் தொடங்குவதை மட்டும் ஏற்றது. அது தவறு. குடியாத்தம் 632602, ஆனால் ஆம்பூர் 635802. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் இதில் எதையும் மாற்றவில்லை. அஞ்சல் எண் மாவட்ட எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. ஆறு இலக்கம், முதல் இலக்கம் பூஜ்யமில்லை என்று மட்டும் பார்ப்பதே சரி. தொலைபேசி எண்ணை நம்பராக மாற்றவே கூடாது, 0416 வெறும் 416 ஆகிவிடும்.

நீக்கியவற்றில் முதலில் போனது முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஃபங்ஷன். எல்லாப் பாடத்திலும் இருக்கிறது, தமிழுக்கு வேலையே இல்லை. ஜேசன் (தரவை எழுத்தாக்கும் வடிவம்) வழியாக நகலெடுக்கும் ஃபங்ஷன் தேதியை வெறும் ஸ்ட்ரிங்காக்கியது, அன்டிஃபைண்டாக (மதிப்பு தரப்படாமல்) இருந்ததை விழுங்கியது. பிரவுசரே நகலெடுத்துத் தரும் ஸ்ட்ரக்சர்டு குளோன் வந்தபின் அதுவும் போயிற்று.

பணத்தைப் பைசாவில், முழு எண்ணாக வைத்திருக்கிறோம். காரணம், 1.005-ஐ இரண்டு தசமத்துக்குத் திருத்தச் சொன்னால் 1.00 என்றுதான் வருகிறது. 1,23,456 என்று இந்திய முறையில் காற்புள்ளி போடுவதை பிரவுசரின் நம்பர் ஃபார்மட்டே செய்துவிடும்.

தேதி ஃபங்ஷனை இரண்டு முறை மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்கில் (வருடம்-மாதம்-நாள் என்று தொடங்கும் தேதி வடிவம்) முதல் பத்து எழுத்தை வெட்டினால் கிடைப்பது கிரீன்விச் தேதி. நேதாஜி மார்க்கெட்டில் காலை நான்கு மணிக்குப் போடும் பில்லில் முந்தைய நாள் விழும். ஐந்தரை மணிக்குப் பிறகு எல்லாம் சரியாகத் தெரிவதால் பகலில் செய்யும் சோதனையில் இது சிக்காது. வருடம், மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்தில் தனித்தனியாக எடுத்து, மாதத்தோடு (ஜாவாஸ்கிரிப்டில் அது பூஜ்யத்தில் தொடங்குவதால்) ஒன்றைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். கணினியின் நேரத்தை அதிகாலை 3:45-க்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்.