குடும்பத்தோடு காட்டு நடையா? பெத்ரேன் பக்கம் போங்கள்

நம் மொரீசியஸின் பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம் என்று நம்மவர்கள் சொன்னால், பள்ளத்தாக்கு வியூபாயிண்டில் காரை நிறுத்தி நாலு போட்டோ எடுத்து, அலெக்ஸாண்ட்ரா அருவியை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே ஷாமரேலுக்கு இறங்கிவிட்டார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதுவும் அழகுதான், ஆனால் காட்டுக்குள் கால் வைக்கவே இல்லையே. வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு உண்மையிலேயே நடக்க வேண்டுமென்றால் அதே பூங்காவின் பெத்ரேன் தகவல் மையத்தைத்தான் நான் சொல்வேன்.

வாக்வா பக்கமிருந்து வருபவர்கள் மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தைத் தாண்டி வர வேண்டும். கிராண்ட் பாசின் கோயில் பெத்ரேனிலிருந்து சில நிமிடம்தான், அதனால் சாமி கும்பிட்டுவிட்டு இப்படி வருவதும் வசதி. பூங்கா 1994-இல் அறிவிக்கப்பட்டது, ஏறத்தாழ 6,500 ஹெக்டேர், பாதைகளை எல்லாம் சேர்த்தால் 60 கிலோமீட்டர் வரும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், குடும்பத்துக்கு அதில் சின்னதாக ஒரு துண்டு போதும். முதலில் மையத்துக்குள் போய் வரைபடத்தைப் பார்த்து, அங்கிருப்பவர்களிடம் அன்றைக்கு எந்தப் பாதை சேறாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மையத்தின் அருகிலேயே புதர்க்காட்டுக்குள் மரப்பலகைப் பாதை ஒன்று இருக்கிறது. என் அம்மாவுக்கு முழங்கால் வலி, மலைப்பாதை என்றாலே வேண்டாம் என்பார், அவரே மெதுவாக நடந்து வந்தார். இரண்டு பக்கமும் தாழை, குட்டை மரங்கள், இந்தத் தீவில் மட்டுமே வளரும் செடிகள் பல. கரும்புத் தோட்டம் வருவதற்கு முன்னால் மொரீசியஸ் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், இதோ இப்படித்தான் என்று கைகாட்டிச் சொல்ல நம் நாட்டில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. மழை பெய்திருந்தால் பலகை வழுக்கும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில்தான் ரோசாப் புறாவைப் பார்த்தோம். வெளிர் ரோசா நெஞ்சு, செம்பழுப்பு வால், தலைக்கு மேலே ஒரு கிளையில் நம்மைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. காலில் வண்ண வளையம் போட்டிருக்கிறார்களே ஏன் என்று என் மகள் கேட்டாள். ஒவ்வொரு பறவையையும் அடையாளம் வைத்துக் கவனிக்கத்தான். 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன, கூண்டில் வளர்த்து மறுபடி காட்டில் விட்டு இன்று சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள். மொரீசியஸ் வல்லூறு அதைவிட மோசம், 1974-இல் நமக்குத் தெரிந்து நான்கே நான்கு. அழிந்துபோன டோடோ பறவையை மட்டும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுகிறோம், பிழைத்து வந்தவற்றையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

அப்புறம் மக்காபே பாதை. மையத்தில் தொடங்கி ஆரம்பத்தில் அகலமாக, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் காட்டுக்குள் போகிறது, எட்டு வயதுப் பிள்ளை தாராளமாக நடக்கும். பள்ளத்தாக்கு தெரியும் இடம் வரை போய் அதே வழியில் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் ரிவியேர் நுவார் (பிளாக் ரிவர்) பக்கம் இறங்குவது செங்குத்து, ஈரத்தில் காலை வாரிவிடும். சின்னப் பிள்ளைகளோடு அது வேண்டாம்.

வழி நெடுக சீனக் கொய்யா. பருவத்தில் சிவந்து தொங்கும், உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிட்டால் சொல்லவே வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து வந்த இந்தச் செடிதான் நெருக்கமாக முளைத்து நம் நாட்டு மரங்களின் கன்றுகளை எழவிடாமல் செய்கிறது. பறித்துத் தின்னுங்கள், சரி, விதையோடு மீதியை உள்ளே தூக்கிப் போடாதீர்கள். குரங்குகளுக்கும் எதையும் கொடுக்காதீர்கள். எங்கள் கண் முன்னாலேயே ஒரு குடும்பம் பிஸ்கட் நீட்டியது, அடுத்த நிமிடம் பக்கத்திலிருந்த வேறு ஒரு பிள்ளையின் பையைக் குரங்கு பிடித்து இழுத்தது, அந்தப் பிள்ளை அழுத அழுகை எனக்கு இன்னும் ஆறவில்லை. பறவைக் கூடுகளில் முட்டையைத் திருடுவதும் இதே குரங்குகள்தான்.

காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் வியூபாயிண்டில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. போர்ட் லூயிஸில் வியர்த்தாலும் இங்கே அறுநூறு மீட்டருக்கு மேல் குளிர்கிறது, ஜூலை ஆகஸ்டில் ஸ்வெட்டர் கட்டாயம், மழைக்கோட்டு எப்போதும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள், வழியில் தால் பூரி வாங்கிக் கட்டிக்கொண்டாலும் சரி. வீட்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்து முழுப் பாதையும் இறங்கியே தீருவோம் என்றால், ஒரு காரைக் கீழே ரிவியேர் நுவார் மையத்தில் முன்கூட்டியே விட்டுவைத்துவிட்டு மேலே வாருங்கள், இல்லையென்றால் யாராவது தீவின் பாதியைச் சுற்றி வந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.