சிமுலேட்டர் தேர்வுக்கு வீட்டுக் கணினியா, வாடகை சிமுலேட்டரா?

விமானி வேலைக்காக விமான நிறுவனத்திலிருந்து நேர்முகத்துக்கும், சிமுலேட்டரில் (விமானி அறை போன்ற பயிற்சிக் கருவி) பறந்து காட்டும் தேர்வுக்கும் அழைப்பு வந்ததும், எதில் பழகுவது என்ற குழப்பம் திருகோணமலைப் பிள்ளைகள் பலருக்கு வரும்.

செலவு
வீடு: ஜொய்ஸ்டிக், மென்பொருள். ஒருமுறை வாங்கினால் போதும்.
வாடகை: மணிக்கணக்கில் கட்டணம். கொழும்புக்கு இரவு ரயில், தங்குமிடம் வேறு.

மீட்டர்களைப் பார்க்கும் பழக்கம்
இதில் வீடுதான் மேல். ஓட்டோபைலட் (தானாக ஓட்டுவது), ஃப்ளைட் டிரெக்டர் (எப்படித் திருப்புவது என்று திரையில் காட்டுவது), ஓட்டோ த்ரொட்டில் (எஞ்சின் விசையைத் தானாக மாற்றுவது) மூன்றையும் அணைத்துவிட்டுப் பறந்து பழகுங்கள். தரை வேகத்தை (நொட், அதாவது மணிக்குக் கடல் மைலில்) 5ஆல் பெருக்கினால் 3 பாகைச் சரிவுக்கான இறங்கு வேகம் கிடைக்கும்: 140 நொட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. ஹோல்டிங்கில் (இறங்க அனுமதி வரும்வரை நீள்வட்டமாகச் சுற்றுவது) 14,000 அடி வரை ஒரு கால், அதாவது ஒரு நேர்ப்பகுதி, 1 நிமிடம். உள்வரும் காலில் பக்கக் காற்றுக்காகப் பிடித்த திசைத் திருத்தத்தை வெளிக்காலில் மும்மடங்காக்குங்கள். வெயிலில் சீனக்குடா ஓடுபாதையைப் பார்த்துப் பார்த்து இறங்குவது அழகுதான், தேர்வுக்கு உதவாது. மேகத்தை 200 அடிக்கு இறக்கி, கட்டுநாயக்காவில் ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலி அலை) பிடியுங்கள்.

கைகால் உணர்வு
வாடகைதான். ஓர் எஞ்சின் நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கக் கால் மிதியால் (ரடர்) நிறுத்த வேண்டும். மிதி இல்லாமல் பழகியவர் கையால் சரித்துச் சமாளிப்பார். தேர்வாளர் அதை உடனே கண்டுபிடிப்பார்.

இருவர் வேலை
வீடு: தனியே பறந்தால் வாய் மூடிவிடும். நண்பரை வீடியோ அழைப்பில் வைத்துச் செக்லிஸ்ட் வாசிக்கச் சொல்லுங்கள்.
வாடகை: பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பார்.

அண்மையில் இரட்டை எஞ்சின் பறந்தவருக்கு வீடே போதும். மாதக்கணக்கில் பறக்காதவர் மூன்று வாரம் வீட்டில் பழகி, கடைசி வாரத்தில் 2 மணி நேரம் வாடகைக்கு எடுக்கட்டும். தேர்வு ஏ320 வகை விமானத்தில் என்றால் 737 சிமுலேட்டரை எடுக்க வேண்டாம். ஏ320இல் பக்கவாட்டுக் கைப்பிடி (சைட்ஸ்டிக்), 737இல் முன்னால் சுக்கான் போன்ற யோக்; கைப்பழக்கம் வேறு.